பட்டியலில் மூக்கு இல்லை

சேர்ம அடையாளப் பேராயத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. ஐந்து நாள் அந்தக் கட்டடத்துக்குள் நடந்து தேய்ந்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன்: அங்கே யாரும் சும்மா இருப்பதில்லை. ஒரு பொருள் இன்னதென்று தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக நூற்று நாற்பது பேர் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை உழைக்கிறார்கள். சாப்பாட்டு வேளையில்கூடச் சிலர் உழைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நான் மிட்டாய் போடுகிறவன். நானும் என் அக்காவும் சேர்ந்து ஒரு மிட்டாய் கம்பெனி நடத்துகிறோம். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அடுப்பு, நான்கு செம்புப் பாத்திரம், பிறை வடிவ அச்சுகள், வேலைக்கு ஏழு பெண்கள், அவர்கள் எல்லாரையும் மேய்க்க ஒரு அக்கா. வாழைப்பழ மிட்டாய்தான் எங்கள் சரக்கு. மஞ்சளாக இருக்கும், வாயில் போட்டால் வாழைப்பழம் மாதிரியே இருக்கும். அதில் பழம் கிடையாது, எசன்ஸ்தான். அந்த எசன்ஸ் பாட்டிலின் லேபிள் சர்க்கரைப் பாகின் ஆவியில் ஊறி எப்போதோ கழன்று விழுந்து, குப்பையோடு குப்பையாகப் போயிருந்தது. அன்று திங்கட்கிழமை. பேராயத்திலிருந்து ஆய்வாளர் வந்தார்.

"இது என்ன?" என்று பாட்டிலைக் காட்டினார்.

"வாழைப்பழ எசன்ஸ் சார்."

"எப்படித் தெரியும்?"

"மோந்து பாருங்க சார், தெரியும்."

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "மோந்து பாக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார். பிறகு அடுப்பை அணைக்கச் சொன்னார், எல்லாரையும் வெளியே வரச் சொன்னார், கதவைச் சாத்தி அரக்கு வைத்தார். கையில் ஒரு தாளும் பாட்டிலும் கொடுத்தார். அடையாளம் தெரியாத சேர்மத்தை வளாகத்தில் வைத்திருந்த குற்றம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அது இன்னதென்று பேராயம் சொன்னால் பூட்டு திறக்கப்படும். சொல்லாவிட்டால் உரிமம் ரத்து. உள்ளே இருக்கும் பாத்திரம், அச்சு, அடுப்பு எல்லாம் சந்தேகத்துக்குரிய பொருள்களாகக் கருதப்பட்டு இயந்திரத்தில் போட்டு நொறுக்கப்படும்.

ஏழு பெண்களும் வாசலில் நின்றார்கள். அக்கா தாளை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"டேய், நீ போ. நான் போனா சண்டை வரும். எதைக் கேட்டாலும் சரிங்கன்னு சொல்லு, ஆனா பாட்டிலை மட்டும் கையை விட்டுடாத. இந்த ஏழு பேர் வீட்டு அடுப்பும் அதுலதான் எரியுது."

அன்று மதியமே போனேன். பேராயத்தின் வரவேற்பு மேசையில் ஓர் எழுத்தர் படிவம் கொடுத்தார். முதல் வரியில் "பொருளின் பெயர்" என்று இருந்தது.

"பேரு தெரியணும்னுதானே சார் வந்திருக்கேன்?"

"பேர் இல்லாத விண்ணப்பத்தை எடுக்க மாட்டோம்."

"சரி, வாழைப்பழ எசன்ஸ்னு எழுதிடறேன்."

"அப்போ பேரு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச பொருளை இங்க எடுக்கிறதில்லை."

அவர் கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். பென்சிலில் பெயரை எழுதினேன். விண்ணப்பம் முழுமையாக இருப்பதாக முத்திரை குத்தினார். பிறகு ரப்பரை எடுத்துப் பெயரை அழித்து, தூசியை வாயால் ஊதி, "இப்போ பொருள் தெரியாததாவும் ஆயிடுச்சு. சரியா இருக்கு" என்றார். பாட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் அளவைப் பார்த்தார். அவர் கண் ஒரு நிமிடம் எங்கோ போனது. "மணி என்ன ஆகுது? ஏன்னு தெரியலை, இப்போ ஒரு வாழைப்பழம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

"சார், அது ஏன்னா..."

"அடுத்தவங்க வாங்க."

அவருக்குப் பின்னால் சுவரில் அங்கீகரிக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் தொங்கியது. பதினோரு கருவிகள். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். மூக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை அகச்சிவப்புப் பிரிவு. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பொருளின் மேல் பாய்ச்சுவார்களாம். உள்ளே அணுவையும் அணுவையும் கட்டியிருக்கும் பிணைப்புகள் ஆடுமாம். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஆடுவதற்கென்று ஓர் எண் உண்டாம். இதை எனக்குச் சொன்னவர் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்த பகுப்பாய்வாளர் அம்மா. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஐந்து நாளில் ஒரு கேள்விக்கு ஒரு பதிலாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்; அதனாலேயே அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை என்று பிறகு புரிந்தது.

அவர் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்தார். மூடப் போனார். பிரிவு அலுவலர் பதறிக்கொண்டு தடுத்தார். "மூடாதீங்க, மூடாதீங்க. தலைவர் வரவேற்புரை இன்னும் ஆகலையே."

புதிதாக வரும் ஒவ்வொரு பொருளையும் பேராயத்தின் தலைவர் நேரில் வரவேற்றுப் பேசுவது வழக்கமாம். தலைவர் வந்தார். நல்ல உடல்வாகு, நல்ல குரல். திறந்து கிடந்த கருவியின் மேல் குனிந்து, அந்த ஒரு சொட்டைப் பார்த்துப் பேசினார்.

"வருக. ஒரு பொருளை அறிந்துகொள்வது யாருக்கும் எளிது. குழந்தைகூடச் செய்துவிடும். ஆனால் அவசரப்பட்டு அறிந்துவிடாமல் இருப்பதற்கு ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. அந்த அமைப்பு இது. முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு தவறான விடைகூட இங்கிருந்து வெளியே போனதில்லை. சரியான விடையும் போனதில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது, நாங்கள் பாரபட்சம் பார்ப்பதில்லை."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். முடித்துவிட்டு, "இன்னைக்கு ஏனோ பேசப் பேச வாய் ஊறுது" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

வரைபடம் வந்தது. தாளின் நடுவில் 2350 என்ற எண்ணில் கிணறு வெட்டியதுபோல் ஒரு பள்ளம். 1740இல் இன்னொரு நல்ல ஆழமான பள்ளம். பிரிவு அலுவலர் முதல் பள்ளத்தைத் தொட்டுக் கும்பிடாத குறையாக, "இது நம்ம தலைவர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பகுப்பாய்வாளர் அம்மா தணிந்த குரலில், "கரியமில வாயுங்க. திறந்து வச்ச கருவிக்கு மேல மூச்சு விட்டுப் பேசினா இப்படித்தான் வரும்" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "சார், பாக்க வேண்டியது 1740. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்புல இருக்கு. இது பழ வாசனை தர்ற எஸ்டர் வகை மாதிரி தெரியுது" என்றார்.

"1740ஐ நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா தலைவரை விட்டுட்டு அதை முதல்ல எழுத முடியுமா? பேசாத நாள்ல இந்தப் பள்ளம் சின்னதாப் போயிடுதுன்னுதானே அவரைப் பேசவே கூப்பிடறோம்?" என்றார் அலுவலர். அறிக்கையில், "இப்பொருளில் தலைமைப் பண்பு தெளிவாகக் காணப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். 1740க்கு இடம் போதவில்லை.

புதன்கிழமை காந்தப் பிரிவு. பெரிய காந்தம் இருக்கும் அறை என்பதால் உலோகம் எதையும் கொண்டுபோகக் கூடாது. சாவி, கைக்கடிகாரம் கொடுத்தேன். இடுப்பு பெல்ட்டையும் கொடுத்தேன். திரும்பி வரும்போது சாவியும் கடிகாரமும் கிடைத்தன. பெல்ட் மட்டும் வேறு பிரிவுக்குப் போய்விட்டது. அது தோலா உலோகமா என்று அடையாளம் காண வேண்டுமாம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் கால்சட்டை. அக்கா கையை விடாதே என்று சொன்னது பாட்டிலைப் பற்றி மட்டும்தான். ஆனால் மனிதனுக்கு வேறு கடமைகளும் இருக்கின்றன.

எல்லாப் பிரிவுகளின் கருவிகளையும் ஓட்டுகிறவர் அந்தப் பகுப்பாய்வாளர் அம்மாதான். கருவியிலிருந்து வந்த தாளை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கம்பெனியில் பாகு சரியான பதத்துக்கு வரும்போது அக்காவின் முகம் அப்படி ஆகும்.

"இங்க பாருங்க. உள்ள இருக்கிற ஹைட்ரஜன் எல்லாம் அஞ்சு கூட்டமா நிக்குது. இந்தக் கூட்டத்துல மூணு. பக்கத்துல யாரும் இல்லை, அதான் பிளவு இல்லாம ஒத்தைக் கோடா இருக்கு. அது ஒரு ஓரம். இந்த ரெண்டு பேர் ஆக்சிஜனை ஒட்டி உக்காந்திருக்காங்க, அதனால தள்ளி வந்திருக்காங்க. இந்தக் கடைசிக் கூட்டத்துல ஆறு பேர், அவங்களுக்குப் பக்கத்து வீட்டுல ஒரே ஒருத்தர், அதான் ரெண்டாப் பிளந்திருக்கு. அப்படின்னா இன்னொரு ஓரம் கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியுது. அவ்வளவுதாங்க. இது ஐசோஅமைல் அசிட்டேட். உங்க வாழைப்பழ எசன்ஸ்தான்."

எனக்குக் கால்சட்டையைப் பிடித்திருந்த கை நழுவப் பார்த்தது. "அம்மா! இதையே எழுதிக் குடுத்துடுங்களேன்! நான் போய் அடுப்பைப் பத்த வச்சுக்குறேன்."

"பதினாலு வருஷமா எழுதிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "என் வேலை பாக்கிறது. முடிவு பண்றது மேல் மாடி."

மேல் மாடியில் காந்தப் பிரிவின் அலுவலர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கிறவர். அவர் தாளில் ஐந்து கூட்டத்தையும் தாண்டி, 7.26 என்ற இடத்தில் நின்ற ஒரு சின்னக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வந்துட்டாரு" என்றார் பரவசமாக. "பெரியவர். எல்லாப் பொருள்லயும் இருப்பாரு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்லேர்ந்து பாக்கிறேன், ஒரு நாள் தவறினதில்லை."

"சார், அது கரைப்பான்ல மிச்சம் இருக்கிற குளோரோஃபார்ம்" என்றார் பகுப்பாய்வாளர் அம்மா. "எந்தப் பொருளா இருந்தாலும் நாமதான் அதுல கரைச்சு வைக்கிறோம். அதனாலதான் எல்லாத்துலயும் வருது."

"முப்பது வருஷமா லீவு போடாம வர்ற ஒருத்தரைக் கரைப்பான்னு சொல்றீங்களே, நாக்கு கூசலையாம்மா?"

அவர் மேசைக்குப் பின்னால் 7.26இன் கோட்டைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பணிமூப்புப் பட்டியலில் முதல் பெயர் அதுதான். எசன்ஸின் சொந்த ஹைட்ரஜன்கள் ஐந்து கூட்டமும் தற்காலிகப் பணியாளர்கள் என்ற தலைப்பில் கீழே வந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு அலுவலர் மேசைக்குள்ளிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார். "சாப்பாட்டுக்கு முன்னால நான் இதெல்லாம் சாப்பிடறதே இல்லை. இன்னைக்கு என்னவோ தெரியலை" என்றார்.

அன்று சாயங்காலம் வெளியே வந்தபோது வாசலில் இரண்டு வாழைப்பழ வண்டிகள் நின்றன. வியாழக்கிழமை ஐந்து நின்றன.

வியாழக்கிழமை நிறைப் பிரிவு. அங்கே பொருளை அடித்து நொறுக்கித் துண்டுகளை எடை போடுகிறார்கள். முழு மூலக்கூறு உடையாமல் வந்திருந்தால் 130 என்ற எண்ணில் நின்றிருக்குமாம். நிற்கவில்லை. 43 வந்தது, 70 வந்தது, சில்லறைகள் சில வந்தன. நிறைப் பிரிவு அலுவலர் மீசையைத் தடவிக்கொண்டு தாளில் கூட்டல் போட்டார். நாற்பத்து மூன்றும் எழுபதும் நூற்றுப் பதின்மூன்று.

"பதினேழு குறையுது" என்றார். என்னைப் பார்த்தார். "பதினேழு எங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"நான் பாத்ததே இல்லைங்க."

"எழுதிக்கோ," என்றார் உதவியாளரிடம். "பார்த்ததே இல்லை என்று சாதிக்கிறார்."

பகுப்பாய்வாளர் அம்மா குறுக்கே வந்தார். "சார், நாப்பத்து மூணும் எழுபதும் ஒரே மூலக்கூறோட துண்டு இல்லை. கோடிக்கணக்கான மூலக்கூறு உள்ள போகுது. ஒண்ணு ஒரு இடத்துல உடையும், இன்னொண்ணு வேற இடத்துல உடையும். ரெண்டு தட்டு கீழ விழுந்து ரெண்டு விதமா உடைஞ்சா, இதுல ஒரு துண்டையும் அதுல ஒரு துண்டையும் ஒட்டி முழுத்தட்டு வரலையேன்னு கேப்போமா?"

"ஆக, தட்டு உடைஞ்சதை ஒத்துக்கிறீங்க" என்றார் அலுவலர்.

அறிவிப்புப் பலகையில், "காணவில்லை: எடை 17, பெயர் தெரியாது, கடைசியாக உடுத்தியிருந்தது தெரியாது" என்று ஒட்டினார்கள். மூன்று மாடியிலும் தேடுதல் நடந்தது. மேசைக்கு அடியில் பார்த்தார்கள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தார்கள், என் சட்டைப் பையில் இரண்டு முறை பார்த்தார்கள். நாலு மணிக்கு ஒரே ஆரவாரம். கழிப்பறைக்குப் பக்கத்தில் துடைப்பம் வைக்கிற அறையில் ஒரு பாட்டில் அம்மோனியாவைப் பிடித்துவிட்டார்கள். அம்மோனியாவின் எடை பதினேழு. அதைக் கொண்டுவந்து எசன்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தார்கள். பிரிந்த உறவு சேர்ந்த அந்தக் காட்சியில் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அலுவலர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "நான் இந்த மாதிரி எல்லாம் கலங்குற ஆளே இல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வினைவழி அமர்வு. பொருள் என்னவென்று தெரிந்தால் போதாது, அது எப்படிப் பிறந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். மூன்று உறுப்பினர்கள் உயரமான மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். பகுப்பாய்வாளர் அம்மா பலகையில் எழுதினார்: ஒரு பக்கம் அமிலம், ஒரு பக்கம் ஆல்கஹால், இரண்டும் சேர்ந்தால் எஸ்டரும் தண்ணீரும். எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று காட்ட வளைந்த அம்புகள் போட்டார். முதல் அம்பு கிளம்பும் இடத்தில் ஒரு சான்றொப்பம், சேரும் இடத்தில் ஒரு சான்றொப்பம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கே பதினொன்று ஆகிவிட்டது. அக்கா போன் செய்தாள். "டேய், நொறுக்குற வண்டி வந்து வாசல்ல நிக்குதுடா. டிரைவர் இறங்கி எங்ககிட்டயே குடிக்கத் தண்ணி கேக்குறான். என்னதான் நடக்குது அங்க?"

"அம்பு விடறாங்கக்கா."

"யார் மேல?"

நான் பதில் சொல்வதற்குள் தலைமை உறுப்பினர் கேட்டார்: "அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் ஆவதற்கு முன்னால், இடையில் ஒருவர் தோன்றினார் என்று வரைந்திருக்கிறீர்கள். அவர் எங்கே?"

"அது இடைநிலைப் பொருள் ஐயா. தோன்றின வேகத்துல மறைஞ்சுடும். கண்ணை மூடித் திறக்குற நேரம்கூட நிக்காது."

"முக்கியமான சாட்சி. கூப்பிடுங்கள்."

வாசலில் நின்ற சேவகர் நடைவழியைப் பார்த்து, "இடைநிலைப் பொருள்! இடைநிலைப் பொருள்! இடைநிலைப் பொருள்!" என்று மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. சாட்சி ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

"அவ்வளவு அவசரக்காரராக இருந்தால் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்" என்றார் இரண்டாம் உறுப்பினர். "சரி, தண்ணீர் ஒன்று வெளியேறியது என்கிறீர்கள். வெளியேறும்போது தடையில்லாச் சான்று வாங்கியதா?"

"தண்ணியா ஐயா?"

"தண்ணீர் என்றால் விதி கிடையாதா?"

அந்தத் தண்ணீரோடு போன ஆக்சிஜன் அமிலத்தின் வீட்டைச் சேர்ந்ததா, ஆல்கஹாலின் வீட்டைச் சேர்ந்ததா என்று தலைமை உறுப்பினருக்கும் மூன்றாம் உறுப்பினருக்கும் தகராறு வந்தது. இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பகுப்பாய்வாளர் அம்மா, "அமிலத்தோடதுங்க ஐயா. எடை கூடின ஆக்சிஜனை அடையாளத்துக்கு வச்சு எப்பவோ நிரூபிச்சாச்சு" என்றார். இருவரும் சண்டையை நிறுத்தி ஒன்றாக அவர்மேல் பாய்ந்தார்கள். "அடையாளம் வைப்பதற்கு யார் அனுமதி கொடுத்தது? அடையாளம் என்பது இந்தப் பேராயத்தின் சொத்து!"

கடைசியாக அம்மோனியாவை அழைத்து, இந்தக் குடும்பத்துக்கு என்ன உறவு என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது துப்புரவுப் பணியாளர் அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். "ஐயா, நேத்துலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன். என் பாட்டிலை இங்க வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? கழிப்பறை கழுவ வேண்டாமா?" என்று கேட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதினேழு மறுபடியும் தலைமறைவு என்று பதிவானது. பிறப்பு நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள்.

மூன்றரை மணிக்கு நிறைவுக் கூட்டம். நீள மேசை, ஏழு பேர், எல்லார் முன்னாலும் வாழைப்பழத் தோல். நடுவில் என் பாட்டில் முக்கால்வாசி நிரம்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே, அறிவியல் என்பது பிடிவாதம் இல்லாமல் சான்றுகளை ஏற்பது. அகச்சிவப்புப் பிரிவு எதைக் கண்டது? என்னை. காந்தப் பிரிவு எதைக் கண்டது? பெரியவரை. நிறைப் பிரிவில் முழு ஆள் வரவே இல்லை. பிறந்ததற்குச் சாட்சி இல்லை. என்னையும் பெரியவரையும் கழித்துவிட்டால் பாட்டிலில் மீதி என்ன? ஒன்றும் இல்லை. ஆகவே இந்தப் பாட்டில் காலி."

பகுப்பாய்வாளர் அம்மா எழுந்தார். கையில் அந்தத் தாள் இருந்தது. "ஐயா, பாட்டில் உங்க முன்னாலதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியுது. அறை முழுக்க வாசனை..."

"பார்ப்பது உங்கள் வேலை. அதைச் செய்துவிட்டீர்கள். முகர்வது யாருடைய வேலையும் இல்லை. உட்காருங்கள்."

காலி என்றால் என்ன அர்த்தம்? உரிமம் போகுமா? மெல்லக் கேட்டேன்: "ஐயா, காலி பாட்டில் வச்சிருக்கிறது குற்றமுங்களா?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். காலி பாட்டிலுக்கு விதி எதுவும் இல்லை. "குற்றமில்லை. பூட்டைத் திறக்க உத்தரவு போடலாம்" என்றார் தலைவர். "இங்கே கையெழுத்துப் போடுங்கள்: காலி பாட்டிலைப் பெற்றுக்கொண்டேன்."

பேனாவைக் கையில் வாங்கினேன். பகுப்பாய்வாளர் அம்மா என்னைப் பார்த்தார். பாட்டிலில் இருக்கிறது, அந்த அம்மா சொன்னதுதான் சரி என்று அந்த அறையில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். சொன்னால் கம்பெனி வாசலில் நிற்கும் வண்டி உள்ளே போகும். மணி நாலு. கால்சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை. அந்த அம்மா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "போங்க, போங்க. அஞ்சுக்குள்ள போய்ச் சேரணும்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏழு பேர் கையெழுத்திட்ட உத்தரவையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வெளிவாசலுக்கு ஓடினேன். காவலாளி நிறுத்தினார். பாட்டிலோடு தந்திருந்த வெளியேறும் சீட்டைப் படித்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"காலி பாட்டில்னு போட்டிருக்கு. இதுல முக்காவாசி இருக்கேங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். அவர் முகம் மலர்ந்தது. "அட, வாழைப்பழ எசன்ஸ்! எங்க வீட்டுப் பசங்க திங்கிற மஞ்சள் மிட்டாய்ல வருமே, அதானே?"

ஐந்து நாளாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தவம் கிடந்தேன். அந்தக் கட்டடத்தின் எல்லைக்குள் ஒருவர், சீருடை போட்ட ஒருவர், சம்பளம் வாங்கும் ஒருவர், அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மணி நாலு இருபது.

"இல்லைங்க," என்றேன். "காலிங்க."

"என்னங்க நீங்க, ஆட்டினா ஆடுது பாருங்க."

"உத்தரவைப் பாருங்க. ஏழு பேர் போட்டிருக்காங்க."

அவர் உத்தரவை வாங்கி ஒவ்வொரு கையெழுத்தாகப் படித்தார். முதல் கையெழுத்தைப் படிக்கும்போது நிமிர்ந்துதான் நின்றார். மூன்றாவதில் தோள் இறங்கியது. ஏழாவது முடிந்ததும் பாட்டிலை மறுபடி முகர்ந்து பார்த்தார், இந்த முறை பயந்து பயந்து. பிறகு மூடியை இறுக்கி என்னிடம் கொடுத்தார்.

"ரெண்டு நாளா எனக்குச் சளிங்க" என்று சொல்லி வாசலைத் திறந்துவிட்டார்.

ஐந்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா உத்தரவைப் பறித்து, வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்ற ஆய்வாளரின் கையில் திணித்தாள். அரக்கை உடைத்தார்கள். ஏழு பெண்களும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி அடுப்பைப் பற்ற வைத்தார்கள். வண்டிக்காரனுக்கு ஒரு பிடி மிட்டாய் கொடுத்து அனுப்பினோம். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அந்தக் காவலாளியின் மூக்கு மனசை உறுத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை புதிதாகப் போட்ட மிட்டாயில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். பகுப்பாய்வாளர் அம்மாவுக்கு ஒன்றை உள்ளே கொடுத்தனுப்பினேன். இன்னொன்றைக் காவலாளியிடம் நீட்டினேன். அவர் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். கன்னம் உப்பியது. எச்சில் விழுங்கினார்.

"நல்லா இருக்குங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"என்ன ருசின்னு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்."

அவர் கண்ணைத் திறந்து தலையைத் திருப்பி, பின்னால் நின்ற மூன்று மாடிக் கட்டடத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் வாசல்ல நிக்கிறவன், அதையெல்லாம் நான் எப்படிங்க சொல்றது? உள்ள ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. அஞ்சு நாள்ல சொல்லிடுவாங்க."